ஆறாவது கட்டு

ஓய்வு பெற்ற அன்று சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். இனி என்ன செய்யப் போகிறீர்கள் டீச்சர் என்று ஒருவர் கேட்டதற்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்கப் போகிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். எந்த ராஜா சாலையோரம் மரம் நட்டார், எந்த ராஜா குளம் வெட்டினார் என்று வருடத்துக்கு நாலு பிரிவுக்குச் சொல்லிச் சொல்லித் தொண்டை போனது. நின்று நின்று முழங்கால் போனது. எந்த ராஜாவும் எனக்கு ஒரு நாற்காலி போட்டதாக வரலாறு இல்லை.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தவர் எங்கள் ஊர் நூலகர். ஆவுடையார்கோவிலில் கோயிலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் நூறில் ஒருவர்கூட நூலகப் பக்கம் வருவதில்லை. வருகிறவர்களும் பேப்பரைப் புரட்டிவிட்டுப் போகிற பெரியவர்கள்தான். "அவங்களுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகத்த வச்சுப் பேசுங்களேன் டீச்சர். ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு ஒங்களுக்காகவே தொறந்து வைக்கிறேன்" என்றார். ஒரு மாதத்துக்குத்தானே என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அது ஆறு மாதத்துக்கும் மேலே போய்விட்டது.

எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். முன்வரிசை என்று சொல்லத்தக்கவர்கள் மூன்று பேர். ஒருவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எவர் பேசினாலும், "சரி, அடுத்த ஸ்டாப்புக்கு வாங்க" என்று அவசரப்படுத்துவார். இன்னொருவர் திருவரங்குளம் பக்கம் கிராமம் கிராமமாகப் போய் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சம்மா. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படிப்பவர். மூன்றாமவர் ஜெகதாப்பட்டினத்து பாய். ஐஸ் கம்பெனியைத் தம்பி கையில் ஒப்படைத்துவிட்டு, ஊரில் இருந்தால் நாள் முழுக்க மீன் விலையையே பேச வேண்டியிருக்கிறது என்று தப்பித்து வந்தவர். ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வருவார். ஒரு வாரம்கூடத் தாமதித்ததில்லை.

படிப்பதற்கு என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. எங்கள் பழைய சமஸ்தானத்தின் வரலாறு. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் எனக்குக் கிடைத்த பரிசு. இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. புத்தகம் ஒன்று, ஆட்கள் எட்டு. ஜெராக்ஸ் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வளைத்து வைத்து எடுத்தால் முதுகு விட்டுப்போகும் என்றார். எப்படியும் முதுகு போகத்தான் போகிறது என்றானதும் கண்டக்டர் யோசனை சொன்னார்.

"எட்டாப் பிரிச்சிருவோம் டீச்சர். ஆளுக்கு ஒண்ணு. அவரவர் வீட்ல வச்சுப் படிச்சிட்டு வந்து இங்கிட்டு சொல்லட்டும்."

அறந்தாங்கியில் பைண்டிங் செய்கிறவரிடம் கொண்டுபோய், சமமாக எட்டாகப் பிரித்துக் கொடுங்கள் என்றேன். இப்படிச் சொன்னதுதான் தவறு. ஒரு வரலாற்று டீச்சர் அத்தியாயம் பார்த்துப் பிரியுங்கள் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அவர் சொன்ன சொல் தவறாதவர். கட்டைவிரலால் கனம் பார்த்துச் சமமாக எட்டாகப் பிரித்து, காக்கி அட்டை போட்டு, ஒன்று முதல் எட்டு வரை நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டார். அத்தியாயம் மட்டுமல்ல, வாக்கியமே பாதியில் நின்றது. ஒரு கட்டின் கடைசிப் பக்கத்தில் மன்னர் குதிரையில் ஏறுவார். அவர் எங்கே போனார் என்பது அடுத்த கட்டை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் கட்டில் செத்துப்போன ராஜாவுக்கு இன்னொருவர் கட்டில் பட்டாபிஷேகம் நடந்துகொண்டிருந்தது. போதாததற்கு, கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று எங்கோ ஒரு வரி வர, இருவர் தங்கள் தாத்தா காலத்து வழக்கை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். என் பழைய வகுப்புக் குரல் தானாக வந்தது. மேசையைத் தட்டி அன்றைக்கே சட்டம் போட்டேன். கட்டு வரிசைப்படிதான் பேச வேண்டும். அந்தக் கட்டை வைத்திருப்பவர் மட்டும்தான் சொல்ல வேண்டும். எனக்கு முழுப் புத்தகமும் தெரியும் என்றாலும் நான் வாய் திறக்க மாட்டேன். திறந்தால் அது வகுப்பாகிவிடும். சொந்தக் கதை, குடும்பக் கதை மட்டும் இந்த மேசைக்கு வரவே கூடாது.

அடங்கிவிட்டார்கள். ஒரு கட்டைச் சொல்லி முடிக்க நாலைந்து வாரம் பிடித்தது. ஒவ்வொரு வாரமும் தொடங்கும்போது, போன வாரம் நின்ற இடம் வரைக்கும் சுருக்கமாகச் சொல்லும் வேலையை பாயிடம் கொடுத்திருந்தேன். கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. பெயர், உறவு, எந்தக் கரை, எந்த வாய்க்கால் என்று ஒன்றையும் விடாமல் சொல்வார். "பாயப் பாருங்க, எப்படிக் கவனிச்சுப் படிக்கிறாங்க" என்று மற்றவர்களைக் குத்திக் காட்டுவேன். அப்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொள்வார். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

இதெல்லாம் சந்தோஷமாக நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், எனக்கு அலுத்துவிட்டது. சனிக்கிழமை இரவே நாளைக்குப் போக வேண்டுமே என்று இருக்கும். ஒரே ராஜா, ஒரே கண்மாய், ஒரே சண்டை. மின்விசிறி சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். காது சரியாகக் கேட்காதவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டும். யாராவது வந்து, போதும் டீச்சர், வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னால் அவர் காலில் விழுந்திருப்பேன். எட்டாவது கட்டு முடிந்ததும் எல்லாவற்றையும் வாங்கி மறுபடி ஒன்றாகத் தைத்து, நூலகத்துக்கே கொடுத்துவிட்டுக் கைகழுவிவிடுவது என்று முடிவு செய்தேன். எல்லோரிடமும் சொல்லியும் விட்டேன். "எட்டுக் கட்டும் என் கைக்கு வர்ற அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சிரும்."

ஐந்தாவது கட்டு நர்சம்மாவுடையது. அதில் இரண்டு ஊர்களுக்குள் கண்மாய்த் தண்ணீர் வழக்கு வந்தது. மேட்டூர்க்காரர்கள், பள்ளத்தூர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்து பார்த்தால் கரை வெட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் முழுக்கப் போய்விட்டது. நர்சம்மா பூதக்கண்ணாடியை நகர்த்தி நகர்த்திக் கடைசி வரியைப் படித்தார். "கரையை வெட்டி வர ஆள் அனுப்பியவர்." அவ்வளவுதான். கட்டு முடிந்துவிட்டது.

"யாருங்க அனுப்புனது?" என்று கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறாவது கட்டு பாயிடம் இருந்தது. பாய் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம்" என்றார்.

அடுத்த வாரம் பாய் வரவில்லை. போன் அடித்தேன்; எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரமும் இல்லை. ஏழு பேரும் ஆறாவது கட்டுக்காகக் காத்துக்கொண்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. வர இஷ்டமில்லை என்றால் புத்தகத்தையாவது கொடுத்து அனுப்பலாம் இல்லையா? கோபத்தோடு கூடவே, ஒளித்துவைத்துப் பயனில்லை, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இதுதான் சாக்கு. அடுத்த ஞாயிறு எல்லோரும் அவரவர் கட்டைக் கொண்டுவந்துவிடுங்கள், ஆறாவதை நான் போய் வாங்கிவருகிறேன், இத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றேன். நர்சம்மா, "அப்ப யாரு ஆள் அனுப்புனதுன்னு தெரியாமலே போயிருமா?" என்று கேட்டார். நான் மின்விசிறியை நிறுத்தப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை கிளம்பினேன். மீமிசலில் பஸ் மாறி உட்கார்ந்தபோது, பாயைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அடுத்தவர் பொருள் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு வேண்டாமா பாய்? இப்படி ஆரம்பிப்பதாக இருந்தேன். நல்ல வெயில். முழங்கால் விண் விண் என்றது. ஐஸ் கம்பெனிப் பேரைச் சொல்லிக் கேட்டதும் வீட்டைக் காட்டினார்கள். காட்டியவர், "அதுக்காகத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன. உள்ளே பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் ஆதார் அட்டை நகல்கள், பாஸ்போர்ட் அளவு போட்டோக்கள், எழுதி முடித்த மனு ஒன்று. பாய் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நாலு வாரத்தில் நாலு வயது கூடியிருந்தது.

"டீச்சரம்மா, மன்னிச்சுக்கங்க. ஒங்க புத்தகம்..." என்றார்.

அவர் மகன் சொந்தமாக விசைப்படகு வைத்து, தானே ஓட்டுகிறவராம். சனிக்கிழமை மீன்வளத்துறையில் அனுமதி டோக்கன் போட்டுவிட்டுக் கடலுக்குப் போனவர், ஞாயிறு காலையில் திரும்ப வேண்டும். எல்லை தாண்டினார்கள் என்று படகோடு சேர்த்து ஐந்து பேரையும் அக்கரையில் பிடித்து வைத்துவிட்டார்கள். நர்சம்மா கடைசி வரியைப் படித்தாரே, அதற்கு அடுத்த ஞாயிறு. நாங்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாய் ஏன் வரவில்லை என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் மீன்வளத்துறை அலுவலக வாசலில் நின்றிருக்கிறார்.

அந்தச் செய்தியை நான் டிவியில் பார்த்திருக்கிறேன். ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் ஐந்து பேர் கைது என்று கீழே எழுத்து ஓடியது. அது வருடம் முழுக்க ஓடுகிற எழுத்து. ஓடிக்கொண்டே இருக்கும், நான் காபியைக் குடித்துக்கொண்டே இருப்பேன். அந்த ஐந்து பேரில் ஒருவர் என் மேசையில் உட்காருகிறவரின் மகன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவருக்கு மகன் இருப்பதே தெரியாதே. ஆறு மாதத்துக்கு மேல் வாரா வாரம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். செத்துப்போன ராஜாவின் சித்தப்பா மகன் பெயர் வரைக்கும் எங்களுக்குத் தெரியும். சொந்தக் கதை பேசக்கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான்.

"கட்டு அவன்கிட்டதான் இருக்கு டீச்சரம்மா" என்றார் பாய். "போட்டுல எடுத்துட்டுப் போயிட்டான். வலையப் போட்டுட்டுச் சும்மா கெடக்குற நேரத்துல மீதியப் படிச்சுப் பாத்துட்டு, வந்து ஒங்களுக்குப் படிச்சுக் காட்டுறேன், அத்தா, அப்படின்னான்."

எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு மகன் எதற்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நான் அஞ்சாப்பு பாதியிலயே பொழைப்புத் தேடிச் சபுருக்குப் போயிட்டேன். கடை போர்டு படிப்பேன். மனு கினு வந்தா எழுத்துக் கூட்டிப் படிச்சிருவேன். அம்புட்டுத்தான் வரும். போட்டு கடலுக்குப் போகாத அன்னைக்குச் சாயங்காலம் மஹ்ரிப் தொழுதுட்டு வந்து ஒக்காந்தா, அவன்தான் சத்தமாப் படிப்பான். நான் கேட்டுக்குவேன். ஒங்ககிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு. நீங்க என்னையப் பாத்து எல்லாரும் படிங்கன்னு வேற சொல்லிட்டீங்க."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. சுவரோரம் இருந்த ஒரு பெண் எழுந்து வந்தார். பாயின் மருமகள். கையில் டீ டம்ளர். அதைக் கொடுத்துவிட்டு நகராமல் நின்றார்.

"டீச்சர், அந்தப் புத்தகத்துல என்ன இருக்கு? அங்கிட்டு எல்லாத்தையும் சோதன போட்டுக் கேப்பாங்களாம். அதனால அவருக்கு எதுவும் கேடு வருமா?"

"வராதும்மா. அது பழைய ராஜா கதை" என்றேன். காக்கி அட்டை போட்டு, முன்னும் பின்னும் இல்லாமல், பாதி வாக்கியத்தில் தொடங்குகிற ஒரு கட்டுத் தாளைப் பார்த்தால் மொழி தெரியாத ஒருவர் என்ன நினைப்பார் என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. அந்தப் பயத்தோடுதான் வீடு வந்து சேர்ந்தேன். பயத்தைவிட அவமானம் பெரிதாக இருந்தது. மகனைப் பறிகொடுத்த மாதிரி நிற்கிற மனிதர் என்னைப் பார்த்ததும் முதலில் புத்தகத்துக்கு மன்னிப்புக் கேட்டாரே, அது நான் வளர்த்துவிட்ட மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரும் ஏழு கட்டுகளோடு வந்துவிட்டார்கள். ஏழையும் மேசைமேல் வரிசையாக வைத்திருந்தார்கள். ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் கண்டக்டர் ஒரு கட்டு அளவுக்கு இடம் விட்டிருந்தார். நடந்ததை நான் சொன்னேன். கண்டக்டர்தான் முதலில் பேசினார். "அந்த ரூட்ல எத்தன வருஷம் ஓடியிருக்கேன். ஒரு போன் போட்டுக் கேக்கலையே நானு."

மூன்றேகால் இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பாய் வந்து நின்றார். எல்லோரும் எழுந்துவிட்டோம். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றார். மனு கொடுக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கொடுத்தாயிற்று, இனி அங்கிருந்து தகவல் வந்தால்தான் உண்டு என்றார். நர்சம்மா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பாய் மேசைமேல் இருந்த காலி இடத்தைப் பார்த்தார். "இன்னைக்கு என் கட்டுதானே?" என்றார்.

"இன்னைக்கு வேணாம் பாய்" என்றேன்.

"இல்ல டீச்சரம்மா. அவன் படிச்சுக் காட்டுன வரைக்கும் சொல்லிர்றேன். இவங்க நாலு வாரமாக் காத்துக்கெடக்காங்க."

ஐந்தாவது கட்டின் பாதி வாக்கியத்திலிருந்து எடுத்தார். ஆள் அனுப்பியவர் வேறு யாருமில்லை, அந்தக் கண்மாய்க்குக் காவலாக வைத்திருந்தவரேதான். நர்சம்மா, "அடப்பாவி" என்றார். கூலிக்கு மண்வெட்டி எடுத்துப் போன மூன்று பேரைப் பிடித்துப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். சொன்னவர் வீட்டில் இருந்துகொண்டார். வெட்டப் போனவர்கள் சிறைக்குப் போனார்கள். பாய் ஒரு பெயரைக்கூட விடாமல் சொன்னார். வாரா வாரம் சுருக்கம் சொல்லும்போது செய்வதைப் போலவே, நடுநடுவே படித்துக் காட்டுகிற மாதிரி குரலை ஏற்றி இறக்கினார். அது மகனிடமிருந்து வந்த ஏற்ற இறக்கம் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதமாக பாயின் வாயிலிருந்து நாங்கள் கேட்டதெல்லாம் பார்த்தறியாத ஒருவருடைய குரலைத்தான். கண்டக்டர் ஒரு தடவைகூட அடுத்த ஸ்டாப்புக்குக் கூப்பிடவில்லை.

"மூணு பேரு வீட்டுப் பொம்பளைகளும் நடந்தே புதுக்கோட்டைக்குப் போறாங்க. மனு எழுதிக் கொடுத்துட்டு அரமண வாசல்ல நிக்கிறாங்க" என்றவர் அங்கே நிறுத்திவிட்டார். "இம்புட்டுத்தான் படிச்சான். தூக்கம் வருது அத்தா, மீதிய அப்பறம் பாக்கலாம்னு மூடி வச்சுட்டான். விடியக்காலம் கட்டையும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டான்."

கண்டக்டர் மெல்ல என் பக்கம் திரும்பினார். "டீச்சருக்கு முழுப் புத்தகமும் தெரியுமே. அந்த மூணு பேரையும் விட்டாங்களா டீச்சர்?"

பாயும் என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் இருந்தது கதை கேட்கிற ஆவல் இல்லை.

எனக்குத் தெரியும். ஆறாவது கட்டில், முடிவதற்கு ஏழெட்டுப் பக்கம் முன்னால் இரண்டே வரியில் இருக்கிறது. மூவரில் ஊர் திரும்பியவர் ஒருவர்தான். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் கல்லூரி நாளில் நான் பென்சிலால் போட்ட கோடுகூட என் கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லிவிட்டால் ஆறாவது கட்டு முடிந்தது. ஏழையும் எட்டையும் இரண்டு வாரத்தில் தள்ளிவிடலாம். அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமை எனக்கு.

"எனக்கு மறந்துபோச்சு" என்றேன்.

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு வகுப்பிலும் நான் சொல்லாத வாக்கியம் அது. கண்டக்டர் நம்பாமல் பார்த்தார். நர்சம்மா அவர் முழங்கையைத் தொட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

"ஒங்களுக்கே மறந்துபோச்சா?" என்றார் பாய். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. "அப்ப அவன் வந்துதான் சொல்லணும்."

"ஆமா பாய். அவரே வந்து சொல்லட்டும். சட்டம்னா சட்டந்தானே, கட்ட வச்சிருக்கிறவர்தான் சொல்லணும்" என்றேன்.

மேசைமேல் இருந்த ஏழு கட்டுகளையும் எடுத்து, நம்பர் பார்த்து, அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.